பதினேழு வருஷத்துக் காந்தம்

ப்ரொபசர் ஜெயலக்ஷ்மி ரிட்டயராக இன்னும் பத்தொன்பது நாள் இருந்தது. அந்தச் செவ்வாய்க்கிழமை காலை பத்தரை மணிக்கு அவருடைய ஆராய்ச்சி மாணவி பார்கவி ஒரு தாளைக் கொண்டுவந்து மேஜையில் வைத்தாள். தாளில் ஒரு கோடு. நேர்கோடு. கல்யாணப் பத்திரிகையில் மாப்பிள்ளை பெயர் விட்டுப்போனால் எப்படிப் பார்ப்பார்களோ அப்படிப் பார்த்தார் ஜெயலக்ஷ்மி.

அந்தக் கோடு நேராக இருக்கக் கூடாது. காந்தத்தன்மை உள்ள பொருளை அளந்தால் கோடு வளைந்து மேலே போகும், போன வழியே திரும்பாமல் கொஞ்சம் தள்ளித் திரும்பும், நடுவே வயிறு வைத்த ஒரு வளையமாக வந்து முடியும். காந்தமே இல்லாத மண்ணாங்கட்டியை அளந்தால்தான் இப்படி வரும்.

"இது எது?"

"ஏழாம் நம்பர்தான் மேடம்."

"ஏழாம் நம்பர் இப்படி வராது. என்ன பண்ணித் தொலைச்சே?"

பார்கவி வலது கையை நீட்டிக் காட்டினாள். ஆள்காட்டி விரலில் கட்டு. போன வாரம் பிளேடு வெட்டி நான்கு தையல் போட்டிருந்தார்கள்.

"பிளேடு பிடிக்க முடியல மேடம். அதனால சுரண்டல. வில்லையை அகேட் கல்லால ஆன கல்வத்துல போட்டு உடைச்சு, உள்ள இருந்த துண்டை மட்டும் பிளாஸ்டிக் இடுக்கியால எடுத்து வச்சேன்."

"சுரண்டலையா!" என்றார் ஜெயலக்ஷ்மி. குளிக்காமல் கோயிலுக்கு வந்துவிட்டாயா என்று கேட்கிற குரல் அது.

ஏழாம் நம்பர் என்பது ஒரு ஆக்ஸைடு. வரிசையாகச் செய்து பார்த்தவற்றில் ஏழாவது என்பதால் அந்தப் பெயர் நிலைத்துவிட்டது. பார்க்கச் சாம்பல் நிறத்தில், மருந்துக்கடை மாத்திரை அளவில், ஒன்றுக்கும் உதவாத வில்லையாக இருக்கும். ஆனால் அது சிலிக்கனைப் போல ஒரு செமிகண்டக்டர். அதே சமயம் அது காந்தமாகவும் இருக்கும். அதுவும் சாதாரண அறைச் சூட்டிலேயே. இந்த மூன்றும் ஒரே பொருளில் சேர்ந்து அமைவது அபூர்வம். அமைந்தால் கம்ப்யூட்டர்களின் நினைவகத்தையே வேறு மாதிரி செய்யலாம் என்று உலகம் காத்துக்கொண்டிருந்தது. பதினேழு வருஷத்துக்கு முன்னால், பெங்களூரில் உள்ள அந்த ஆய்வு நிலையத்தின் மூன்றாவது மாடியிலிருந்து, "எங்களிடம் இருக்கிறது" என்று ஜெயலக்ஷ்மி ஒரு கட்டுரை எழுதினார். விருதுகள் வந்தன. பொன்னாடைகள் பீரோ கொள்ளாமல் வந்தன.

மூன்று வெளிநாட்டு ஆய்வகங்கள் அதையே செய்து பார்த்துக் காந்தம் வரவில்லை என்றன. ஜெயலக்ஷ்மி அசரவில்லை. "உங்கள் மாதிரிகள் போதிய அளவு தூய்மையாக இல்லை" என்று பதில் எழுதினார். அந்த வாக்கியத்தில் அவருக்கு ஒரு தனி ருசி உண்டு. கூட்டங்களில் அதைத் திருப்பித் திருப்பிச் சொல்வார். அவருடைய லேபுக்கு மாணவர்கள் முதுகுக்குப் பின்னால் 'மடி லேப்' என்று பெயர் வைத்திருந்தார்கள். செருப்பு வெளியே, வளையல் வெளியே, தலைக்கு உறை. எல்லாவற்றுக்கும் மேல் அவரே கண்டுபிடித்த விதி ஒன்று: உலையிலிருந்து வந்த வில்லையின் மேல்தோலைப் புது சர்ஜிக்கல் பிளேடால் சுற்றிலும் சுரண்டி எடுத்துவிட வேண்டும். அழுக்கெல்லாம் தோலில்தான் உட்காரும், உள்ளே இருப்பதுதான் நிஜம் என்பார்.

"வில்லையைக் கொண்டா. நானே பண்றேன்" என்று எழுந்தார்.

ஒரே வில்லையை இரண்டாக உடைத்தார். ஒரு பாதியைப் பிளேடால் சுரண்டினார். மறுபாதியைச் சுரண்டவில்லை. அளவெடுக்கும் இயந்திரத்தில் ஒவ்வொன்றாக வைத்துவிட்டு இருவரும் எதிரே உட்கார்ந்திருந்தார்கள். சாப்பாட்டு நேரம் வந்து போனது.

சுரண்டிய பாதி வளையம் காட்டியது. சுரண்டாத பாதி நேர்கோடு.

"பார்த்தியா? மேல இருக்கிற அழுக்கு காந்தத்தை மறைக்கறது."

பார்கவி இரண்டு கோடுகளையும் மாறி மாறிப் பார்த்தாள். தோலில் இருக்கிற துளி அழுக்கு உள்ளே இருக்கிற காந்தத்தை எப்படி மறைக்கும் என்று கேட்டிருக்கலாம். காலையில் கொண்டுவந்த நேர்கோடு தோலே இல்லாத உள்துண்டுடையது என்றும் சொல்லியிருக்கலாம். கேட்கவும் இல்லை, சொல்லவும் இல்லை. கேட்காத அந்தக் கேள்வி ஜெயலக்ஷ்மிக்கே தோன்றிவிட்டது. அவரைப் பற்றி என்ன வேண்டுமானாலும் குறை சொல்லலாம்; புத்தி மட்டு என்று மட்டும் சொல்ல முடியாது. அவர் எழுந்து போய்க் குப்பைப் பெட்டியில் கையை விட்டு, வில்லையை உலைக்குள் வைக்கும் கிண்ணமான மூசை உடைந்துபோனதில் ஒரு துண்டை எடுத்தார். பீங்கான் மாதிரி வெள்ளை வெளேரென்று இருக்கும் சாமான் அது. அதில் காந்தம் இருக்கிறது என்று சொன்னால் சிரிப்பார்கள்.

முதலில் அப்படியே அளந்தார். நேர்கோடு. பிறகு பிளேடால் நான்கு இழுப்பு இழுத்தார், ஆல்கஹாலில் துடைத்தார், மறுபடி வைத்தார்.

சாயங்காலம் நாலரைக்கு வளையம் வந்தது. அதே வயிறு, அதே அகலம். பதினேழு வருஷத்துக்கு முந்தைய கட்டுரையின் இரண்டாவது படத்தைத் திரையில் இதன் மேல் பொருத்தினால் இரண்டும் ஒன்றின் மேல் ஒன்று உட்கார்ந்துகொண்டன.

கல்போல இறுகிய பரப்பில் எஃகு பிளேடை இழுத்தால் கண்ணுக்குத் தெரியாத இரும்பு ஒட்டிக்கொள்ளும். கோடியில் ஒரு பங்கைக் கண்டுபிடிக்கிற இயந்திரம் அதைக் காந்தம் என்று சொல்லும். பொய் சொல்லவில்லை, இரும்பு காந்தம்தான். எவ்வளவு சூடாக்கினாலும் ஏழாம் நம்பரின் காந்தம் போகவில்லை என்று ஜெயலக்ஷ்மி எத்தனை மேடைகளில் பெருமையடித்திருப்பார். போகாது. இரும்பின் காந்தம் அவ்வளவு லேசில் போகாது. வெளிநாட்டுக்காரர்களுக்கு வராததற்கும் அதுதான் காரணம். அவர்களிடம் இந்த மடி ஆசாரம் இல்லை. தூய்மைக்காகச் செய்த காரியம்தான் தூய்மையைக் கெடுத்திருக்கிறது. பதினேழு வருஷமாக ஒரு பிளேடின் காந்தத்தை உலகத்துக்குக் காட்டிக்கொண்டிருந்திருக்கிறார்.

பார்கவி உள்ளே போய் அலமாரியிலிருந்து ஒரு பழைய நோட்டை எடுத்து வந்தாள். அட்டை கிழிந்த நோட்டு. பக்கம் எங்கே இருக்கிறது என்று அவளுக்குத் தேடாமலே தெரிந்திருந்தது. ஜெயலக்ஷ்மியின் சொந்தக் கையெழுத்து: 'பேட்ச் 41. காந்தம் இல்லை. அய்யாவு கைபட்டுக் கெட்டுவிட்டது.'

அய்யாவு பார்கவியின் அப்பா. அந்த லேபில் பதினான்கு வருஷம் அட்டெண்டராக இருந்தவர். வில்லை அழுத்துவது, உலையில் வைப்பது, சுரண்டுவது எல்லாம் அவர் கையால் நடந்தது. முதல் கட்டுரை வந்த மறுவருஷம் நாற்பத்தொன்றாவது தொகுதியில் காந்தம் வராமல் போனபோது, ஜெயலக்ஷ்மி எல்லார் முன்னாலும், "கையை அலம்பிண்டு வந்தியா இல்லையா? சுத்தம்னா என்னன்னு உனக்கு எங்கேர்ந்து தெரியும்?" என்று கத்தினார். அந்த வாக்கியத்தின் பின்பாதி எங்கிருந்து வந்தது என்று அங்கிருந்த எல்லாருக்கும் தெரியும். சொன்னவருக்கு மட்டும் தெரியாத மாதிரி ஒரு பாவனை. மறுவாரம் அய்யாவுவைத் தோட்டப் பிரிவுக்கு மாற்றிவிட்டார்கள். அங்கேயே புல் வெட்டி, தண்ணீர் விட்டு ஓய்வு பெற்றார். ஐந்து வருஷத்துக்கு முன்னால் அவருடைய மகள் தேர்வில் தேறி இதே லேபுக்கு வந்தபோது, "எங்க அட்டெண்டர் பொண்ணு, நான்தான் சேர்த்துண்டேன்" என்று ஜெயலக்ஷ்மி வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்லிக்கொண்டார். அதுவும் ஒரு பொன்னாடைதான்.

"இந்த ஒண்ணு மட்டும் ஏன் வரலைன்னு நான் சேர்ந்த நாள்ல இருந்து யோசிச்சுட்டு இருக்கேன் மேடம்" என்றாள் பார்கவி. "அப்பாகிட்ட கேட்டா வாயே திறக்க மாட்டாரு."

ஜெயலக்ஷ்மி நோட்டை மூடினார். அவருக்குள் ஏதேதோ இடிந்து விழுந்துகொண்டிருந்தது, ஆனாலும் பேராசிரியப் பழக்கம் விடவில்லை. வழி ஒன்று சொன்னார்.

"நீ அடுத்த வாரம் தீஸிஸைக் குடுத்துடு. வைவா முடிஞ்சு பட்டம் கைக்கு வந்ததும் நான் பத்திரிகைக்கு எழுதறேன். நாலு மாசம் நம்ம ரெண்டு பேருக்கு மட்டும் தெரிஞ்சா போதும்."

சொல்லும்போது அது பார்கவிக்காகச் செய்கிற தியாகம் என்றே அவர் நம்பினார். நாலு மாதத்தில் தான் ரிட்டயராகி, பிரிவுபசார விழா முடிந்து, மாலையெல்லாம் வாடியிருக்கும் என்பதும் உள்ளே எங்கேயோ ஓடிக்கொண்டுதான் இருந்தது.

"வேணாம் மேடம். வைவால ஒருத்தர் எழுந்து எப்படிச் சுரண்டினேன்னு கேட்டா நான் பொய் சொல்லணும். எனக்கு வராது. நீங்க எழுதிடுங்க."

"எழுதினா உன் அஞ்சு வருஷம் போயிடுமேடி."

"தெரியும்." கட்டுப்போட்ட விரலை மற்ற கையால் பிடித்துக்கொண்டாள். "எனக்கு ஒண்ணு மட்டும் செய்யுங்க. எங்க வீட்டுக்கு வந்து, அன்னைக்குக் கெட்டது அவர் கையால இல்லைன்னு எங்க அப்பாகிட்ட நீங்களே சொல்லணும். நான் சொன்னா பொண்ணு சமாதானத்துக்குச் சொல்லுதுன்னு நினைப்பாரு."

மறுநாள் ஜெயலக்ஷ்மி துறைத் தலைவர் ரகுராமைப் போய்ப் பார்த்தார். ரகுராம் நல்ல மனிதர்தான். முழுக்கக் கேட்டார், கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், விதிப் புத்தகத்தை எடுத்தார். தீஸிஸ் கொடுக்க இரண்டு கட்டுரைகள் வெளியாகியிருக்க வேண்டும். பார்கவியின் இரண்டும் ஏழாம் நம்பரைப் பற்றியவை. இரண்டும் சேர்ந்தே போகும். புதுத் தலைப்பு எடுக்கக் கால வரம்பு இந்த ஜூனோடு முடிகிறது. வழிகாட்டியும் இந்த ஜூனோடு வீட்டுக்குப் போகிறார்.

"தப்பைக் கண்டுபிடிச்சது அவதானே ரகுராம்? அதையே தீஸிஸா எழுதக் கூடாதா?"

"எழுதலாம் மேடம். ஆனா அதுவும் எங்கயாவது வெளியாகணும், ரெண்டு கட்டுரையா. பத்தொன்பது நாள்ல எப்படி?" பதினெட்டு நாள் என்று திருத்த ஜெயலக்ஷ்மிக்கு வாய் வரவில்லை.

இரண்டு நாள் தலைமேல் கையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். வெள்ளிக்கிழமை மதியம் பத்திரிகை ஆசிரியருக்குக் கடிதம் எழுதினார். கட்டுரையைத் திரும்பப் பெறுகிறோம், காந்தம் அந்தப் பொருளுடையதல்ல, மாதிரியைச் சுரண்டிய எஃகு பிளேடுடையது, அந்த முறை என்னுடையது, பிழை என்னுடையது மட்டுமே, அதைக் கண்டறிந்தவர் அ. பார்கவி. ஏழு வரி. தன் வாழ்க்கையில் எழுதியதிலேயே மிகத் தூய்மையான ஏழு வரி என்று தோன்றியது. தோன்றியதும் தன் மேலேயே எரிச்சல் வந்தது. அனுப்பிவிட்டு நாற்காலியில் சாய்ந்தார். ஜன்னலுக்கு வெளியே தோட்டக்காரர்கள் புல் வெட்டிக்கொண்டிருந்தார்கள். அவர் எழுந்து போய்த் திரையை இழுத்துவிட்டார்.

ஞாயிற்றுக்கிழமை காலை ஆட்டோ பிடித்து ஜோகுபாளையம் போனார். ஓல்டு மெட்ராஸ் ரோடை விட்டு உள்ளே திரும்பியதும் தெரு ஒடுங்கியது. ஒரு கறிக்கடை, ஒரு தையல்கடை, தண்ணீர் லாரிக்காக வரிசையில் குடங்கள். அய்யாவு வீடு எது என்று கேட்டதற்கு, "டாக்டரம்மா வூடா? அந்தப் பச்சை கேட்டு" என்றாள் ஒருத்தி. பள்ளிக்கூடப் பரீட்சையில் தோற்ற பிள்ளை வீட்டுக்குப் போகிற மாதிரி ஜெயலக்ஷ்மி போனார்.

அய்யாவு பனியனோடு உட்கார்ந்து பேப்பர் படித்துக்கொண்டிருந்தவர் பதறி எழுந்தார். "வாங்க மேடம், வாங்க. சொல்லி அனுப்பியிருந்தா நானே வந்திருப்பேனே. பாஞ்சாலி, மேடம் வந்திருக்காங்க பாரு, சேரைப் போடு." அவர் மனைவி சேரைத் துடைத்துப் போட்டாள். சுவரில் புத்தர் படம். பக்கத்தில் பட்டமளிப்பு உடையில் பார்கவியின் எம்.எஸ்ஸி. போட்டோ. பார்கவி சமையலறை வாசலில் வந்து நின்றுகொண்டாள்.

"எல்லாரும் அதை டாக்டரம்மான்றாங்க மேடம்" என்று அய்யாவு சிரித்தார். "போன வாரம் எதிர்வூட்டுக் காந்தா, கொழந்தைக்கு ஜொரம்னு தூக்கிட்டு வந்துடுச்சு. இது அந்த டாக்டர் இல்லம்மா, கல்லு மண்ணு டாக்டருன்னு சொல்லி அனுப்பினேன்."

பட்டம் போன விஷயத்தை மகள் வீட்டில் சொல்லவில்லை என்று ஜெயலக்ஷ்மிக்கு அப்போதுதான் புரிந்தது. பார்கவியைப் பார்த்தார். அவள் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அய்யாவு, நாற்பத்தொண்ணாம் பேட்ச் ஞாபகம் இருக்கா?"

சிரிப்பு போய்விட்டது. "அதை மறப்பனா மேடம்?"

"அன்னிக்கு நீங்க என்ன பண்ணினீங்க?"

"அன்னிக்கு நீங்க கேக்கலியே மேடம். திட்டினீங்க, அவ்ளோதான்." குறையாகச் சொல்லவில்லை, நடந்ததைச் சொன்னார். "பிளேடு தீர்ந்துபோச்சு. ஸ்டோருக்கு எழுதிக் குடுக்க நான் மறந்துட்டேன். சொன்னா பேஜாராயிடும்னு, ஸ்லைடு கண்ணாடி ஒண்ணை ஒடைச்சு அதால சுரண்டி வச்சுட்டேன். அதான் கெட்டுப்போச்சு. இத்தினி வருஷமா மனசுல கெடந்து அரிக்குது."

"கெட்டுப்போகலை அய்யாவு. அது ஒண்ணுதான் சரியா இருந்தது. மத்ததெல்லாம்தான் கெட்டது."

பிளேடைப் பற்றிச் சொன்னார். உடைந்த மூசையைப் பற்றிச் சொன்னார். பதினான்கு வருஷம் அந்த உலையோடு பழகியவருக்கு அதிகம் விளக்க வேண்டியிருக்கவில்லை. "பிளேடு இரும்புதானே!" என்று அவரே முந்திக்கொண்டார். ஒரு கணம், ஒரே கணம், முகம் மலர்ந்தது. மனைவியைத் திரும்பிப் பார்த்தார். "கேட்டியா? என் கையால இல்லியாம்."

"உங்களை அன்னிக்கு நான் பேசினது மகா பாவம். மன்னிச்சுக்கோங்க" என்றார் ஜெயலக்ஷ்மி. நான்கு நாளாக மனப்பாடம் பண்ணி வைத்திருந்தது, எப்படியோ வெளியே வந்துவிட்டது.

அய்யாவு அதைக் கவனிக்கவில்லை. அவர் மனம் வேறெங்கோ போய்விட்டிருந்தது. "அப்ப ஏழாம் நம்பரு?"

"அப்படி ஒண்ணு இல்லை."

"பாப்பா எழுதியிருக்குதே, அந்த புக்கு? அதெல்லாம் ஏழாம் நம்பருதானே?"

தெருவில் தண்ணீர் லாரி வந்து குடங்கள் உருண்ட சத்தம் கேட்டது. பாஞ்சாலி தண்ணீர் பிடிக்கப் போயிருக்க வேண்டும், போகவில்லை.

"யாருக்காச்சும் சொல்லிட்டீங்களா மேடம்?"

"முந்தாநாள் எழுதி அனுப்பிட்டேன்."

"திருப்பி வாங்க முடியாதா? மேடம், நான்தான் கெடுத்தேன்னு எழுதுங்க. நாப்பத்தொண்ணு மட்டும் இல்ல, எல்லாத்தியும் அந்த அட்டெண்டர் கெடுத்துட்டான்னு எழுதுங்க. நான் கையெழுத்து போட்டுத் தர்றேன். இத்தினி வருஷம் அப்படித்தானே இருந்துச்சு, எனக்குப் பழகிப்போச்சு."

"யார் மேல போட்டு எழுதினாலும் பட்டம் வராது அய்யாவு."

"அப்பா, போதும்" என்றாள் பார்கவி. "உன் மேல தப்பு இல்லைன்னு சொல்லத்தான் மேடம் வந்திருக்காங்க. அதை மட்டும் கேளுப்பா."

"அதை வச்சுக்கிட்டு நான் இன்னா பண்றது பாப்பா?"

அவர் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தார். கைகளை முழங்கால் மேல் வைத்துக்கொண்டார். ஜெயலக்ஷ்மியின் முகத்தைப் பார்த்துவிட்டு, சமாதானப்படுத்துகிற குரலில் பேசினார்.

"நீங்க வருத்தப்படாதீங்க மேடம். தப்பு என்னுதுதான். இது எம்.எஸ்ஸி. முடிச்சப்ப பேங்குல வேலை கெடைச்சுது. ஆர்டரே வந்துடுச்சு. போறேன்னு குதிச்சுது. நான்தான் விடல. மேடம் லேபுல சேரு, அங்க நல்ல பேரு எடு, உங்கப்பன் கை அழுக்குன்னு சொன்ன எடத்துல நீ டாக்டராயி நின்னா அந்தப் பேரு போயிடும்னு ரெண்டு நாள் சாப்பிடாம ஒக்காந்துட்டேன். அதுக்காகத்தான் இது வந்துச்சு. கண்ணாடியால சுரண்டினது தப்பு இல்லன்னா, இதுதான் என் தப்பு."

குத்திக்காட்ட வேண்டும் என்று அவர் சொல்லவில்லை. அப்படிச் சொல்லத் தெரிந்தவராக இருந்தால் பதினாறு வருஷத்துக்கு முன்னாலேயே சொல்லியிருப்பார். ஆறுதலுக்குத்தான் சொன்னார். ஜெயலக்ஷ்மிக்கு உட்கார்ந்த இடத்திலேயே அழுகை வந்துவிட்டது. மாணவிக்கு முன்னால் அழுகிறோமே என்ற கூச்சம்கூட இல்லாமல், மூக்கை உறிஞ்சிக்கொண்டு, சத்தமாக அழுதார். பார்கவி வாசலைவிட்டு அசையவில்லை. பாஞ்சாலியும் அசையவில்லை. கடைசியில் அய்யாவுதான் எழுந்து, ஒரு டம்ளர் தண்ணீர் கொண்டுவந்து, "குடிங்க மேடம்" என்று நீட்டினார்.